பூனைக்கு லங்கணம் ஆகாது

பூனை சாப்பிடவில்லை என்று யாராவது சொன்னால், கோவில்பட்டிப் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: “விடுங்க, பசிச்சா தானா திங்கும்.” சொல்கிறவர்கள் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. ஆடு மாட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள். கண்டதையும் தின்றுவிட்டு வந்த நாய் ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்து, மறுநாள் எழுந்து வாலாட்டியதைப் பார்த்தவர்கள். தாங்களே அமாவாசைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருந்து உடம்பு லேசானதை உணர்ந்தவர்கள். லங்கணம், அதாவது பட்டினி, உடம்புக்கு நல்லது என்ற அந்த அனுபவத்தில் பொய் இல்லை. ஆனால் பூனையின் உடம்புக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை இந்த டீ ஆறுவதற்குள் நாம் சேர்ந்து பார்த்துவிடலாம்.

முதலில், பூனை உண்மையிலேயே சாப்பிடவில்லையா என்பதே நமக்குத் தெரிய வேண்டும். நம் தெருப் பூனைகளுக்கு ஒரே வீடு என்பது அரிது. காலையில் மீன்காரம்மா நிற்கிற முக்கு, மத்தியானம் அடுத்த வீட்டுப் பின்வாசல், ராத்திரி பலசரக்குக் கடை மாடி என்று அதற்கு ஒரு சுற்று இருக்கும். ஊருக்கு வெளியே வீடு என்றால் காடும் உண்டு. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்புகளிலேயே குடியிருக்கிற எலிகள் உண்டு. ராத்திரி அங்கே போய் வந்த பூனைக்கு நாம் வைக்கிற சோறு வேண்டியிருக்காது. ஆகவே அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பிறகு பூனையை ஓர் அறையில் விட்டு, தண்ணீரும் சாப்பாடும் ஒரு தட்டில் மணலும் வைத்துக் கதவைச் சாத்திவையுங்கள். எவ்வளவு தின்றது, மூத்திரம் போனதா, எந்த மாதிரி வெளிக்குப் போனது என்பதெல்லாம் அரை நாளில் தெரிந்துவிடும். டாக்டர் கேட்கப்போகிற கேள்விகளில் பாதிக்கு அந்த அறையே பதில் சொல்லும்.

அடுத்ததாக, பூனை எப்படிச் சாப்பிடாமல் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். இதில் மூன்று விதம் உண்டு. தட்டின் பக்கமே வராமல் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற பூனைக்குப் பசி செத்திருக்கிறது. காய்ச்சலோ வலியோ இருக்கலாம். இன்னொன்று ஓடி வரும், மோந்து பார்க்கும், வாயை ஒரு முறை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எச்சில் ஒழுகும், எதையோ விழுங்குவதுபோல் தொண்டை அசையும். அதற்குக் குமட்டல். மூன்றாவது ஆசையாக வாய் வைக்கும். ஒரு வாய் கடித்ததும் கீழே போடும், அல்லது கத்திக்கொண்டு பின்னால் துள்ளும். அதற்குப் பசி நன்றாக இருக்கிறது, வாயில்தான் கோளாறு. மூன்றையும் சேர்த்து நாம் ‘சாப்பிடல’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இப்போது அந்தப் ‘பசிச்சா தானா திங்கும்’ விஷயத்துக்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பூனை வளர்க்கிற நல்ல மனசுக்காரர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

எந்த உயிரும் சாப்பிடாமல் இருந்தால், உடம்பு தன் சேமிப்பில் கை வைக்கும். தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் இருக்கிற கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலந்து ஈரலுக்கு வரும். ஈரல் அதில் ஒரு பங்கை எரித்துச் சக்தியாக்கும். மீதியைப் புரதத்தோடு சேர்த்துச் சின்னச் சின்னப் பொதியாகக் கட்டி, உடம்பின் மற்ற இடங்களுக்கு அனுப்பும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பருத்தி சீசனில் ஜின்னிங் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு திசையிலிருந்தும் வண்டி வண்டியாகப் பருத்தி வந்து இறங்குகிறது. உள்ளே அரைத்து, பேல் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்புகிறவரை மில் சீராக ஓடும். பேல் கட்டுகிற ஆட்கள் வரவில்லை என்றால்? வண்டிகள் நிற்காது, வந்துகொண்டே இருக்கும். முற்றம் நிறையும், வராந்தா நிறையும், கடைசியில் இயந்திரம் நிற்கிற இடத்திலேயே பருத்தி குவிந்து இயந்திரத்தையே நிறுத்திவிடும்.

பட்டினி கிடக்கிற பூனையின் ஈரலில் நடப்பது இதுதான். பொதி கட்டுவதற்குப் புரதம் வேண்டும். அது அன்றாடம் தின்கிற இறைச்சியிலிருந்து வர வேண்டும். சாப்பாடு நின்றதும் புரதம் நின்றுவிடுகிறது, கொழுப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஈரலின் ஒவ்வோர் உயிரணுவிலும் கொழுப்பு அடைகிறது, பித்தம் வெளியேற வழி இல்லாமல் தேங்குகிறது. காது மடலின் உட்புறமும் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகின்றன. பித்தம் தேங்கினால் குமட்டும், குமட்டினால் தின்னாது, தின்னாவிட்டால் இன்னும் கொழுப்பு இறங்கும். கொழுப்பு ஈரல் நோய் என்று இதைச் சொல்கிறார்கள். சளியோ பல்வலியோ எதுவோ ஒன்று பூனையை முதலில் சாப்பிடவிடாமல் செய்திருக்கும். அது தானாகவே சரியாகிக்கூடப் போயிருக்கும். ஆனால் அதற்குள் பட்டினியே ஒரு தனி நோயாகிவிட்டிருக்கும்.

நாயும் நாமும் தாங்குகிறோமே, பூனை மட்டும் ஏன் தாங்குவதில்லை? பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்று வாழப் பிறந்த உயிர். சுண்டெலியை மட்டுமே தின்று வாழ்வதென்றால் ஒரு பூனைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டாவது வேண்டும். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தினமும், புரதம் உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்த உடம்பு அது. நாம் விரதம் இருந்தால் நம் ஈரல் புரதத்தைச் செலவழிக்கிற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. வரவு நின்றாலும் செலவு அதே வேகத்தில் நடக்கும். அர்ஜினைன் என்று ஒரு புரதக் கூறு இருக்கிறது. ரத்தத்தில் சேர்கிற அம்மோனியா என்ற கழிவை அகற்ற அது வேண்டும். அது அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு கொடுத்தாலே பூனைக்கு அம்மோனியா ஏறி வாந்தியும் தள்ளாட்டமும் வரும் என்று 1970களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டாரின் என்ற இன்னொரு கூறு குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கித் தளரும். தயிர்ச் சோற்றிலேயே வளர்கிற நம் வீட்டுப் பூனைகள் வெளியே பிடிக்கிற எலியாலும் ஓணானாலும்தான் தப்பித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “உடம்புல கொழுப்பு நெறைய இருக்கு, ரெண்டு நாள் திங்காட்டி என்ன?” என்று குண்டுப் பூனையைப் பற்றிச் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. சேமிப்பு அதிகம் இருக்கிற பூனையின் ஈரலில்தான் அதிகக் கொழுப்பு வந்து இறங்கும். மெலிந்த பூனையைவிடக் குண்டுப் பூனைக்குப் பட்டினி ஆபத்து.

ஆகவே நாம் நாள் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்குக்கு வர வேண்டும். வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் பேசிவிட வேண்டும். 48 மணி நேரத்தைத் தாண்டவே விடக்கூடாது. குட்டிகளுக்கு இந்த அவகாசம் கூடக் கிடையாது, அரை நாளே அதிகம். சுத்தமாக நிறுத்தாமல், வழக்கத்தில் பாதிக்கும் குறைவாக மூன்று நாளாகத் தின்றுகொண்டிருந்தாலும் அதைப் பட்டினியாகவே எண்ணுங்கள்.

அந்த முதல் நாளில் வீட்டில் என்ன செய்யலாம் என்றால், மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். பூனைக்கு நாக்கு பெரிதல்ல, மூக்குதான் பெரிது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கடலை மிட்டாயைப் பூனை ஏறெடுத்துப் பார்க்காவிட்டால் அது நோயின் அறிகுறி அல்ல, அதற்கு அந்த ருசியே தெரியாது. மணம் வந்தால்தான் அதற்குச் சாப்பாடு சாப்பாடாகத் தெரியும். சளி பிடித்து மூக்கடைத்த பூனை அதனால்தான் தட்டு நிறைய மீன் இருந்தும் பட்டினி கிடக்கிறது. தும்மலும் கண்ணில் பீளையும் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி பரவிய பிறகு பூனையோடு பத்து நிமிஷம் உட்காருங்கள். அதன் பிறகு சாப்பாடு வையுங்கள்.

பிரிஜ்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்க வேண்டாம். உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும். உப்பில்லாமல் அவித்த சாளையை முள் நீக்கிப் பிசைந்து வைக்கலாம். கோழிக்கறி அவித்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றி, கறியைப் பிய்த்துப் போடலாம். வெங்காயமும் பூண்டும் மட்டும் சேரக்கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் சரியான வழி அல்ல. தட்டையான தட்டில், அடுப்படிச் சத்தம் இல்லாத இடத்தில், கொஞ்சமாக வையுங்கள். இருபது நிமிஷத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். குமட்டலில் இருக்கிற பூனையின் முன்னால் நாள் முழுக்கத் தட்டு இருந்தால், அந்த உணவையும் குமட்டலையும் அது சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். உடம்பு தேறிய பிறகும் அதைத் தொடாது.

மேலுதட்டை மெதுவாகத் தூக்கி வாயைப் பாருங்கள். ஈறில் பல்லை ஒட்டிச் செக்கச் செவேலென்று ஒரு கோடு, நாக்கில் புண், நாற்றம், அண்ணத்தில் குத்தி நிற்கிற மீன் முள் ஏதாவது கண்ணில் படலாம். நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். தையல் மிஷின் இருக்கிற வீடுகளில் இது நடக்கும். நூலின் மறுமுனை குடலுக்குள் போயிருக்கலாம், இழுத்தால் குடலை அறுத்துவிடும். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

கோடையைப் பற்றிக் கேட்பீர்கள். சித்திரை வெயிலில் நமக்கே சோறு இறங்காதபோது பூனைக்கு மட்டும் இறங்குமா? பகலில் குறைத்துத் தின்று, ராத்திரி குளிர்ந்ததும் ஈடு செய்தால் கவலை வேண்டாம். நம் வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலங்களின் காட்டுப் பூனை. அது தண்ணீர்த் தேவையின் பெரும்பகுதியை இரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டது, அதனால் பூனைக்கு இயல்பாகவே தாகம் குறைவு. கடையில் வாங்குகிற உலர் தீனியில் பத்தில் ஒரு பங்கு கூடத் தண்ணீர் இருக்காது. நம் வறண்ட ஊரில் அதை மட்டுமே போடுகிறவர்கள் இரண்டு மூன்று இடத்தில் மண் சட்டியில் தண்ணீர் வைப்பது நல்லது. ஆனால் வாயைத் திறந்து நாய் மாதிரி இரைக்கிற பூனையை வெயில் என்று விட்டுவிடக் கூடாது. பூனை அப்படி இரைப்பது ஆபத்தின் அடையாளம்.

மணிக் கணக்கும் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய சமயங்கள் உண்டு. கடுவன் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் பொறுத்தால் இழந்துவிடுவோம். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் கழிச்சலுமாக, தண்ணீர்ச் சட்டியின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது வெள்ளையணுக்களை அழிக்கிற ஒரு வைரஸாக இருக்கலாம். அது குட்டிகளை வேகமாகக் கொல்லும். எட்டு வாரத்தில் தொடங்கிப் போடுகிற தடுப்பூசி அதைத் தடுக்கும்.

மற்றொன்று எலி மருந்து. உளுந்து, பாசி, மக்காச்சோளம் என்று வீட்டிலும் கிட்டங்கியிலும் மூட்டை இருக்கிற ஊர் நம்முடையது, மருந்து வைக்காத தெரு இருக்காது. கறுப்புப் பொடியாக வருகிற ஜிங்க் பாஸ்பைடு வயிற்றில் அமிலத்தோடு சேர்ந்து விஷ வாயுவாகும். அதைத் தின்ற பூனை வாந்தி எடுத்தால் முதலில் ஜன்னல்களைத் திறங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது. கேக்காக வருகிற மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, ரத்தக் கசிவு எல்லாம் வரும். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றாலும் ஆபத்து உண்டு. மருந்தின் அட்டை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, கேக் மருந்துக்கு வைட்டமின் கே என்ற முறிவு உண்டு.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூனையின் உடம்புச் சூடு இயல்பிலேயே 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும், தொட்டால் நம் கைக்குச் சுடும். “காய்ச்சல் அடிக்குது” என்று வீட்டிலிருக்கிற பாராசிட்டமாலில் ஒரு துண்டைப் பொடித்துப் பாலில் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு திணறும். தெரியாமல் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நேரத்தோடு போனால் முறிவு மருந்து கொடுக்க முடியும். மனிதர் மாத்திரை எதுவும் பூனைக்கு வேண்டாம். வாயைப் பிளந்து பாலையோ கஞ்சியையோ ஊற்றுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பூனைக்காக மாட்டாஸ்பத்திரிக்குப் போக நம் ஊரில் பலருக்குக் கூச்சம். “பூனைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?” என்று யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற தயக்கம். அரசு கால்நடை மருத்துவமனை பூனைக்கும்தான். அங்கே முடியாததற்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012இல் தொடங்கியது. கோவில்பட்டியிலிருந்து ஒரு காலையில் போய்க் காட்டிவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். நீர் வற்றியிருந்தால் ட்ரிப்ஸ், குமட்டலுக்கு ஊசி, பசியைத் தூண்ட மருந்து கொடுப்பார்கள். ஈரலில் கொழுப்பு அடைந்துவிட்டது என்றால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ மெல்லிய குழாய் வைத்து உணவு செலுத்தச் சொல்லலாம். பார்க்க மனசு கஷ்டப்படும், பலர் அந்த இடத்தில் “வேண்டாம் டாக்டர், நிம்மதியாப் போகட்டும்” என்று திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். இந்த நோய்க்கு முக்கியமான மருந்தே சாப்பாடுதான். குழாய் வழியாகவாவது சில வாரம் அது உள்ளே போனால், ஈரல் அடைந்த கொழுப்பை மெல்லத் தீர்த்துக்கொண்டு பழையபடி ஆகிவிடும். நேரத்தோடு கொண்டுபோன பூனைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. பல நாள் கிடந்த பூனைக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுக்கவும் கூடாது. தேவையில் கால் பங்கில் தொடங்கி மூன்று நான்கு நாளில் முழு அளவுக்கு வருவார்கள். திடீரென்று கொடுத்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் சரிந்து அதுவே உயிருக்கு வினையாகும்.

கிளம்பும்போது சாக்கில் கட்டாதீர்கள். மூடி போட்ட கூடையோ, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியோ எடுத்து, அதற்குப் பழகிய துணியை அடியில் விரியுங்கள். கடைசியாக எப்போது, என்ன தின்றது, எத்தனை முறை வாந்தி எடுத்தது, மூத்திரம் போனதா என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.